மனம் புண்படாத படம்

சுகந்தியும் அவள் கணவன் மதியழகனும் மதியக் காட்சிக்குப் போயிருந்தார்கள். சுடுகாட்டுப் பாதைத் தகராறைக் கிண்டலடிக்கும் படம். அவரவர் சாதிக்கு ஏற்றபடி படத்தை மாற்றிக் காட்டும் கண்ணாடியை வாசலிலேயே கொடுத்துவிடுவார்கள். அது வந்த பிறகு எந்தத் தியேட்டரிலும் ஒரு நாற்காலிகூட உடையவில்லை.

சுகந்தியின் கண்ணாடியில், பாடை தூக்கிய குடிகாரர்கள் பிணத்தை இரண்டு முறை வாய்க்காலில் நழுவவிட்டார்கள். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பக்கத்தில் மதியழகனும் விழுந்து விழுந்து சிரித்தான்.

இடைவேளையில், கர்சீப் போடுவதுபோல் கண்ணாடிகளைப் போட்டு இடம் பிடித்துவிட்டுப் பாப்கார்ன் வாங்கப் போனார்கள். திரும்பி வந்து மாட்டியபோது கண்ணாடிகள் மாறிவிட்டன.

இப்போது சுகந்தியின் கண்முன் பாடையை மறித்து நின்றவர், மீசையைத் தடவும் விதம் முதற்கொண்டு அவள் அப்பாவைப் போலவே இருந்தார். வேட்டி அவிழ்ந்து சாணியில் விழுந்தார். அவள் சட்டெனத் திரும்பிப் பார்த்தாள். மதியழகனும் சிரிக்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது சிக்னலில் கேட்டான்: "உன் கண்ணாடில பொணம் மறுபடியும் வாய்க்கால்ல விழுந்துச்சு. இதுக்குத்தான் முன்னாடி அப்படிச் சிரிச்சியா?"

அவன் அப்பாவின் பாடையும் பாதை கிடைக்காமல் வாய்க்காலில் இறங்கித்தான் போனது. கரையில் நின்று அவளும் அழுதிருக்கிறாள்.

"எங்கப்பாவப் பாத்து நீங்களும்தான் சிரிச்சீங்க," என்றாள்.

இருவர் கைபேசிகளும் ஒன்றாக ஒலித்தன. தியேட்டர் கேட்டிருந்தது: தங்கள் மனம் புண்பட்டதா?

பச்சை விழுவதற்குள் இருவரும் 'இல்லை' என்று அழுத்தினார்கள்.