பரிவட்டத்துக்குக் கீழே

பரிவட்டம் தெற்கு வீட்டுப் பெரியவரைத் தாண்டிப் போனது.

பூசாரி இசக்கியப்பன் தட்டை ஏந்திக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், எதிர் வரிசைக்கு நடந்தார். தட்டில் மடித்த பட்டுத் துணி இரண்டு. முதல் துணி வடக்கு வீட்டுப் பெரியவரின் தலைக்கு.

அப்பா தலையில் ஏறிய துணி. தாத்தா தலையில் ஏறிய துணி. அம்மன் கோவில் கொடைவிழாவில் முதல் பரிவட்டம் தெற்கு வீட்டுக்குத்தான் என்று ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும்.

போன வருஷம் வரை சொல்லும்.

மேளம் நின்றது. கூட்டம் எதிர் வரிசையைப் பார்க்கவில்லை. அவர் கையைப் பார்த்தது.

வலது கையை.

போன கொடையில் பூசாரி தவறிப்போய் முதல் துணியை வடக்கு வீட்டுக்குக் கட்டிவிட்டார். இவர் பூசாரிமேல் பாய்ந்தார். “விடுங்கண்ணே, அம்மன் பாக்கா” என்று தம்பி பொன்னுலிங்கம் குறுக்கே வந்தார்.

அறை தம்பியின் கன்னத்தில் விழுந்தது.

கண்ணாடி தெறித்துக் கல்படியில் உடைந்தது. தலை நரைத்த தம்பி ஊர் பார்க்கக் குனிந்து, வெறும் சட்டத்தை எடுத்து, வேட்டியில் துடைத்தார். போனார். அதற்குப் பிறகு அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஊர் கூடி முறையையும் மாற்றிவிட்டது. இனி வடக்கு வீட்டுக்கே முதல்.

குடும்ப மானத்துக்காக ஓங்கிய கை அது.

இப்போதும் கோபம் வந்தது. அடிவயிற்றில் கிளம்பி, மார்பில் ஏறி, தோளுக்கு. அவருக்குத் தெரியாததா? வரும்போதே கையையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

தோள் வரை வந்தது.

நின்றது.

டக் டக் டக் டக் என்று காதுக்குள் ஒரு சத்தம். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் அந்த நாற்காலி. நெற்றிக்கு மேலே, இடது பக்கம், கையகல வளையம். மண்டையில் மரங்கொத்தி உட்கார்ந்ததுபோல் கொத்தும். ஓயும். மறுபடி கொத்தும். கத்தியில்லை, ஊசியில்லை, காந்தம்தான் என்றார்கள். வீட்டில் கண்ணுக்கு வைத்தியம் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார். தெற்கு வீட்டில் மூளைக்கு வைத்தியம் பார்த்தார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாது.

“மத்தவங்கள நேரா உக்காருங்கன்னு கெஞ்சுவேன். உங்கள என்ன சொல்ல? தோள கொஞ்சம் இறக்குங்க தாத்தா, நாற்காலி ஒண்ணும் கடிக்காது” என்பாள் இயந்திரத்தை ஓட்டும் மெர்லின். அவரிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை. சிரித்துவிடாமல் இருக்க மீசையைத் தடவிக்கொள்வார்.

முதல் நாளே டாக்டரிடம் கேட்டிருந்தார், இனி கோபம் வராதா என்று.

“வரும். வந்தா, கை கிளம்புறதுக்கு முன்னால கொஞ்சம் இடம் கிடைக்குதான்னு பாப்போம்.”

இடம்.

அதில்தான் இப்போது நின்றுகொண்டிருந்தார். குறுகல்தான். ஓர் ஆள் நிற்கலாம்.

அங்கே நின்று பார்த்தால், தூணுக்கு அந்தப் பக்கம் தம்பி தெரிந்தார். புதுக் கண்ணாடி. கறுப்புச் சட்டம். அந்த முகத்துக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை.

கை எட்டாத தூரம். பார்த்துத்தான் நின்றிருக்கிறார்.

வடக்கு வீட்டுத் தலையில் துணி ஏறியது. பெண்கள் குலவையிட்டார்கள். அவர் கை, தொங்கின இடத்திலேயே தொங்கியது.

பூசாரி இரண்டாவது துணியோடு அவர் முன்னால் வந்து நின்றார்.

அப்போதுதான் உறைத்தது.

நேற்று மெர்லின் போட்ட குறி. வளையம் இடம் மாறிவிடாமல் இருக்க, ஒட்ட வெட்டிய நரைமுடிக்கு நடுவே ஊதா மையில் ஒரு பெருக்கல். காலையில் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. போகாவிட்டால் என்ன, தன் உயரத்துக்கு யார் கண்ணிலும் படாது, மிச்சத்தைப் பரிவட்டம் மறைத்துவிடும் என்று வந்துவிட்டார்.

துணி ஏறும் முன் தலை குனிய வேண்டும். அதை யோசிக்கவில்லை.

வருஷத்தில் ஒரே ஒரு தடவை, அம்மன் முன்னால் மட்டும் குனிகிற தலை.

குனிந்தார்.

பூசாரியின் கை அந்தரத்தில் நின்றது.

“என்ன அண்ணாச்சி இது, மண்டையில மை?”

கொட்டுச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகின தொண்டை. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

பேரன் கிறுக்கிவிட்டான் என்று சொல்லலாம். நாக்கு நுனி வரை வந்தது.

நிமிராமலே, தூண் இருந்த பக்கம் பார்த்துச் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில போட்டது வே. கோவத்துக்கு வைத்தியம் பாக்கேன்.”

எங்கோ ஒரு சிரிப்பு கிளம்பியது. யாரோ அதட்டி அடக்கினார்கள். எதிரே வடக்கு வீட்டுப் பெரியவர், கட்டின துணியோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பூசாரி அவசரப்பட்டார். துணி நெற்றியைச் சுற்றியது. எப்படியோ ஒரு முடிச்சு விழுந்தது.

நிமிர்ந்தபோது தூணருகே ஆள் இல்லை.

போய்விட்டான்.

நெஞ்சு மறுபடி ஏறி இறங்கியது. இது கோபமில்லை. இது என்னவென்று டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

மேளம் தொடங்கியது. கூட்டம் கற்பூரத்தைப் பார்த்து நகர்ந்தது.

வலது தோளை இன்னொரு தோள் உரசியது. அப்பா காலம் தொட்டு ஒவ்வொரு கொடையிலும் ஒருவர் நின்ற இடம். கறுப்புச் சட்டக் கண்ணாடிக்குள் கற்பூரம் எரிந்தது.

“கோணலா கெடக்குண்ணே. குனிங்க.”