தேடிக்கிட்டிருக்கேன் சார்

"இன்னும் முடியலை சார்" என்று லேப் பெண்மணி சொன்னதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நேத்தும் இதையேதானே சொன்னீங்க?"

"தேடிக்கிட்டிருக்கேன் சார்."

"தேடறதுக்கு அப்படி என்னத்தைம்மா தொலைச்சீங்க?"

அவள் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் நடையாய் நடந்தார். மேலே வார்டில் ஒரே மகள். ரத்தப் புற்றுநோய் என்று சொல்லியாகிவிட்டது. எந்த மருந்தில் ஆரம்பிப்பது என்று இந்த ரிப்போர்ட் வந்தால்தான் தெரியும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தபோது குழந்தை அலறிய அலறல் இன்னும் அவர் காதில் நிற்கிறது. அப்படி எடுத்துக் கொடுத்ததை இந்த அம்மாள் சாவகாசமாக வைத்துக்கொண்டிருந்தால் பெற்றவனுக்கு எப்படி இருக்கும்?

பக்கத்து பெஞ்சுக்காரர் வேறு ஏற்றிவிட்டார். "எங்களுக்கு முந்தாநாளே கொடுத்துட்டாங்களே. வாயைத் திறந்தாத்தான் சார் வேலை நடக்கும்."

நேரே நிர்வாக அதிகாரியின் அறைக்குப் போனார். தன் ஆபீஸில் ஆட்களை விரட்டி வேலை வாங்குகிறவர். சத்தம் போட அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

"என் பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க லேப்தான் பொறுப்பு."

அதிகாரி பதறிப்போய் போனை எடுத்தார். "இருக்கறதை எழுதி உடனே கொடுத்து அனுப்பும்மா. ஒண்ணும் பேசாதே."

ரிப்போர்ட் கைக்கு வந்தது. கொடுக்கும்போது அந்தப் பெண்மணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் நின்றால்தானே? மாடிப்படியில் தாவி ஏறினார்.

வார்டில் மனைவியும் டாக்டரும் இருந்தார்கள். ரிப்போர்ட்டைப் பிரித்த டாக்டர் பெருமூச்சு விட்டார்.

"ஊசி போட்டு மறுபடியும் எடுக்கணும்."

"மறுபடியுமா? ஏன் டாக்டர்?"

"எந்த மருந்துன்னு குரோமோசோமைப் பார்த்துத்தான் முடிவு பண்ண முடியும். பிரிஞ்சுக்கிட்டிருக்கற செல்லுலதான் அது கண்ணுக்குத் தெரியும். பாப்பா சாம்பிள்ல அந்த மாதிரி செல் ரொம்பக் கம்மி. மத்தவங்களா இருந்தா, 'பத்தாது, திரும்ப எடுங்க'ன்னு நேத்தே எழுதித் தள்ளியிருப்பாங்க. அந்தம்மாதான், 'சின்னப் பொண்ணு டாக்டர், இன்னொரு ஊசி வேண்டாம்'னு ஒவ்வொரு ஸ்லைடா சலிச்சுக்கிட்டிருந்தாங்க. கணக்குக்கு இன்னும் ரெண்டு மூணு செல்தான் பாக்கியாம். அதுக்குள்ள யாரோ ஆபீஸ்ல போய்க் கத்திட்டாங்க. கம்ப்ளெயின்ட்னு வந்துட்டா அந்த சாம்பிளை அப்புறம் யாரும் தொட மாட்டாங்க. இப்பத்தான் போன் பண்ணி, அழாத குறையாச் சொன்னாங்க. யாருன்னு கேட்டா மட்டும் சொல்ல மாட்டேங்கறாங்க."

மனைவி மகளை இழுத்து அணைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"எந்தப் புண்ணியவானுங்க அது? நீங்க கீழேதானே இருந்தீங்க, பார்க்கலையா?"