பறக்காத விமானத்துக்குச் சான்றிதழ்

“விமானம் பறக்கலைங்கறதுக்கு என்னம்மா ஆதாரம்?”

இன்சூரன்ஸ் அதிகாரி இப்படிக் கேட்டதும் தையல்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். அதிகாரியின் தலைக்கு மேலே, சுவர் டிவியில் அந்த விமானக் கம்பெனி திவாலான செய்திதான் அப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. பூட்டிய ஷட்டரை மூன்றாவது முறையாகக் காட்டினார்கள்.

“அதோ, டிவியிலயே சொல்றாங்களே தம்பி. கம்பெனியே மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டு மூடியாச்சு. அப்புறம் விமானம் எப்படிப் பறக்கும்?”

“டிவி கையெழுத்துப் போட்டுக் கொடுக்குமா?”

பக்கத்து மேசைக்காரர் இதைக் கேட்டுச் சிரித்தார். அதிகாரிக்கும் தன் நகைச்சுவை பிடித்துப் போயிற்று. புது சுழல் நாற்காலியில் ஒரு அரைவட்டம் போட்டு வந்தார். இந்த ஆபீசுக்கு வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. அதற்குள் நூற்றுப் பத்து மனுக்களைத் திருப்பி அனுப்பிவிட்டார் என்று மேனேஜரே வந்து முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தார். தட்ட வேண்டிய முதுகுதான்!

“பதினோராம் பக்கம் படிச்சீங்களா? ‘பயணம் ரத்தானால் விமான நிறுவனத்தின் பயணிகள் சேவை அதிகாரி கையெழுத்திட்ட சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும்.’ தமிழ்லதானே எழுதியிருக்கு?”

எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. பாலிசியை விற்ற பெண் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ‘விமானம் விழுந்தாலும் சரி, கம்பெனி விழுந்தாலும் சரி, நாங்க இருக்கோம்மா’ என்றுதான் சொன்னாள். இருக்கத்தான் செய்கிறார்கள், ஏசி போட்டுக்கொண்டு.

“தம்பி, என் பொண்ணுக்கு இன்னும் பதினோரு நாள்ல பிரசவம். மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரர், நடுக்கடல்ல இருக்கார். அவ இருக்கற ஊர்ல அவளுக்கு ஒரு வாய் தண்ணி கொடுக்க ஆள் இல்லை. நீங்க பணத்தைக் கொடுத்தாத்தான் நான் வேற டிக்கெட் வாங்க முடியும்.”

“யாரு வேண்டாம்னா? சான்றிதழ் கொண்டு வாங்க. இன்னிக்கே செக் போடறேன்.”

“அந்த ஆபீசுக்கு ஆறு தடவை போயிட்டேன். பூட்டுதான் தொங்குது. வாட்ச்மேன் சொல்றான், கையெழுத்துப் போடற அந்த அதிகாரி, மூடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கம்பி நீட்டிட்டாராம். எங்கயோ நல்ல வேலை கிடைச்சுதாம்.”

“கெட்டிக்காரர்” என்றார் அதிகாரி.

தையல்காரம்மா பையைத் துழாவி ஒரு கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார். பயணத் தேதியை நான்கு நாள் தள்ளிவைத்திருப்பதாக விமானக் கம்பெனி முன்பு அனுப்பிய கடிதம். அடியில் பெயர் இல்லை. பதவி முத்திரையும் அதன்மேல் ஒரு கையெழுத்தும் மட்டும்.

“இவர்தான் அந்த அதிகாரி. இதை வெச்சுக்கிட்டுப் பார்க்கக் கூடாதா?”

அதிகாரி கடிதத்தைத் தூக்கிப் பிடித்து ரசித்தார்.

“அடடா, எவ்வளவு அழகாப் போட்டிருக்கார் பாருங்க! ஆனா இது தேதி மாத்தின கடுதாசிம்மா. விமானம் பறக்கலைன்னு இதுல எங்க இருக்கு? இதே ஆளைப் பிடிச்சு, இதே மாதிரி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க. அவ்வளவுதான்.”

“எங்க போய்ப் பிடிக்கிறது?”

“அதை என்கிட்ட கேட்டா?”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எல்லோர் கையிலும் அதே ஃபைல், எல்லா ஃபைலிலும் அதே ஒரு காகிதம் இல்லை.

தையல்காரம்மாவுக்கு அழுகை முட்டியது. இந்த மூஞ்சியின் முன்னால் அழுவதாவது என்று விழுங்கிக்கொண்டார்.

“சரி தம்பி. என்ன குறைச்சல்னு எழுதிக் கொடுங்க. மேல புகார் பண்றேன்.”

“தாராளமா.” அதிகாரி ஒரு சீட்டை இழுத்தார். ‘சான்றிதழ் இணைக்கப்படவில்லை’ என்று எழுதினார். நூற்றுப் பத்து முறை எழுதிய கை, கையெழுத்தும் தன்பாட்டில் வந்து விழுந்தது. சீட்டைக் கிழித்து நீட்டினார்.

தையல்காரம்மா முப்பது வருஷமாக ஊசி பிடிக்கிறவர். ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்தால் போதும், எந்தக் கை தைத்தது என்று சொல்லிவிடுவார். சீட்டை வாங்கியவர் நகரவில்லை. கடைசி எழுத்தின் வால் கொக்கி மாதிரி மேலே வளைந்து, முதல் எழுத்தைத் தொட்டு நின்றது. அடியில் கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி. கடிதத்தை எடுத்துச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தம்பி... இது ரெண்டும் ஒரே கை.”

அதிகாரி எட்டிப் பார்த்தார். முகம் வாடவில்லை, காதுகூடச் சிவக்கவில்லை. நிதானமாகப் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“இந்தக் கையெழுத்து இனிமே யாருக்கும் கிடைச்சிடக் கூடாதுன்னுதானேம்மா, ரெட்டைச் சம்பளம் கொடுத்து என்னை இங்க உட்கார வெச்சிருக்காங்க.”

பிறகு வரிசையைப் பார்த்து உரக்கக் கேட்டார். “அடுத்தது யாரு? சான்றிதழ் கொண்டு வந்திருக்கீங்களா?”