தனியாக ஒரு ரவுண்டு

மூன்றாவது தடவையும் சைக்கிளோடு சரிந்த மீசைக்காரர், குப்பைத்தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றபோது போலீஸ்காரர் விசில் ஊதினார். அப்போதுதான் பொழுது விடிந்திருந்தது. சாலையில் ஈ காக்கை கிடையாது.

“காலங்காத்தாலயே ஏத்திட்டியா? வாயை ஊது.”

ஊதினார். காப்பி வாசனைதான் வந்தது. போலீஸ்காரருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

“அப்ப ஏன்யா விழுந்து விழுந்து எந்திரிக்கிற?”

“அது ஒரு ஆசை சார்,” என்றார் மீசைக்காரர், முழங்கையைத் துடைத்துக்கொண்டே. “ஒரே ஒரு நாள் தனியா ஓட்டிப் பாக்கணும்னு.”

ஆசையில் என்ன தப்பு? கல்யாணமான நாளிலிருந்து அவர் சைக்கிளைத் தொட்டாலே வீடே கூடக் கிளம்பிவிடும். மனைவி, மூன்று மச்சான்கள், அவர்களுடைய பெண்டாட்டிகள், கொழுந்தியாள், சின்ன மாமனார் என்று ஒருத்தர் பாக்கி இருக்க மாட்டார்கள். ‘கழுத்தை ஆட்டாதீங்க’ என்று பெரிய மச்சான் அதட்டுவான். சின்ன மாமனாருக்கு எப்போதும் வேகம் போதாது. பாவம், மனிதரால் நிம்மதியாக ஒரு தும்மல் போட முடியாது.

அதனால்தான் இன்று எல்லோரும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும்போது, செருப்பைக் கையில் பிடித்தபடி சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முதல் கொஞ்ச தூரம் சொர்க்கம். முகத்தில் காற்று அடித்தது, காதோரம் யாரும் தொணதொணக்கவில்லை. ஆசை தீர ஒரு தும்மல்கூடப் போட்டார். அதற்குள் சைக்கிள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

“சைக்கிள் யாருது?” என்றார் போலீஸ்காரர்.

“என்னோடதுதான் சார்.”

“எங்க, ஓட்டிக் காட்டு.”

ஏறினார். நாலு மிதி மிதித்தார். ஐந்தாவது மிதிக்குப் போலீஸ்காரர் மேலேயே விழுந்தார்.

“சொந்த சைக்கிளை ஓட்டத் தெரியாதவன் உலகத்துல உண்டாய்யா? திருட்டு சைக்கிள்தானே இது?” தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, சைக்கிளையும் ஆளையும் சேர்த்து ஸ்டேஷனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

அங்கே இன்ஸ்பெக்டர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். மணி இல்லை, கேரியர் இல்லை. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் வைக்கிற மாதிரி இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

“அடையாளத்தை மாத்தியிருக்கான். பலே கில்லாடி. கேஸ் போட்டு உள்ள தள்ளுங்க.”

மீசைக்காரருக்கு அழுகையே வந்துவிட்டது. “சார், சாயங்காலம் வேலை இருக்கு சார். நான் போகலைன்னா என் குடும்பம் மொத்தமும் தரையிலதான் நிக்கும். வீட்டுக்கு ஒரே ஒரு போன் பண்ணிக்கிறேன்.”

அவர் மனைவி தலைகூட வாராமல் ஓடி வந்தாள். சிராய்த்த முழங்கையை அவள் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள்.

“தனியாவா போனீங்க?”

இன்னொருத்தி வீட்டில் பிடிபட்டவர் மாதிரி அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“எங்களையெல்லாம் விட்டுட்டுப் போக எப்படிங்க மனசு வந்துச்சு?” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சா சோறு இறங்குமா?”

“இனிமே மாட்டேன்மா,” என்றார் மீசைக்காரர். உண்மையாகவே வருத்தமாகத்தான் இருந்தது அவருக்கு.

இன்ஸ்பெக்டருக்குப் பொறுமை போய்விட்டது. மேஜையை ஒரு தட்டு தட்டினார்.

“உங்க சண்டையெல்லாம் வீட்ல வெச்சுக்கோம்மா. சைக்கிள் இவரோடதுன்னா, இவருக்கு ஓட்டத் தெரியணுமா இல்லையா?”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, விட்டுக்கொடுக்காமல் சொன்னாள்:

“சர்க்கஸுக்கு வந்து பாருங்க சார், நாங்க ஒம்பது பேரும் மேல ஏறிட்டா அம்பு மாதிரி ஓட்டுவாரு!”