வலது கை

உறுப்பு வளர்க்கும் நிறுவனம் ஒன்றின் காப்புரிமையில் இருந்த 'கருவி' என்ற ஒரே சொல்லுக்கு நீதிமன்றத்தில் மதியச் சாப்பாடு ஆறும்வரை வாதாடினார்கள். பேருந்து ஓட்டுநர் கோமளவல்லிக்கு அந்த நிறுவனத்திடம் அனுமதி வாங்காமல் மருத்துவமனை வளர்த்துப் பொருத்திய வலது கையும் கருவிதான் என்றால், அதை வெட்டியெடுத்து நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும்.

"சந்தேகமே இல்ல மை லார்ட், கருவிதான்," என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர்.

நீதிபதி கோப்பை மூடினார். "காலையில இந்தம்மா எந்தக் கையைத் தூக்கி சத்தியம் பண்ணாங்க?"

"வலது கை, மை லார்ட்."

"கருவியைத் தூக்கி சத்தியம் பண்றாங்கன்னு அப்பவே ஏன் தடுக்கல?"

வழக்கறிஞர் தடுமாறினார். "அப்ப... அவங்க கையாத்தான் தெரிஞ்சுது."

சத்தியம் செய்ததிலிருந்து முந்தானைக்குள் பொத்தி வைத்திருந்த கையை வெளியே எடுத்து, கோமளவல்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.