முதலில் உயர்ந்த கை

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஆறு மாதமாகத் தொழிலாளர்களின் முதுகுவலிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கும் அருந்ததிக்கு அன்றுதான் பரீட்சை. வகுப்பால் பலன் உண்டா என்று மேலாளர் ஸ்ரீகரனே நேரில் கேட்க வந்திருந்தார்.

“இன்னும் முதுகு வலிக்கிறவங்க கை தூக்குங்க.”

முதலில் உயர்ந்தது தனலெட்சுமியின் கை. போன வாரம்தான் எங்கும் உட்காராமல் தண்ணீர்மலைக் கோயில் படியேறி, திருநீறு கொண்டுவந்து அருந்ததியின் நெற்றியில் பூசிவிட்டவள். பிறகு எல்லாக் கைகளும் உயர்ந்தன.

முருகா, இவளுமா என்று அருந்ததி அவளையே பார்த்தாள்.

வாசலில் மேலாளர் மெதுவாகச் சொன்னார். “ஒருத்தருக்கும் குணமாகலயே. இன்னையோட நிறுத்திக்கலாம்லா.”

அருந்ததி பாயைச் சுருட்டும்போது தனலெட்சுமி சிரித்துக்கொண்டே வந்தாள். “அடுத்த வாரமும் இதே நேரந்தானே டீச்சர்?”

“இனிமே வகுப்பே கிடையாதுக்கா. பலனில்லன்னு நிறுத்திட்டாங்க. பொய் சொல்ல எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?”

தனலெட்சுமியின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

“வலி போயிருச்சுன்னு சொன்னா, இனி டீச்சர் எதுக்குன்னு உங்கள அனுப்பிருவாங்களேன்னுதான், நாங்க எல்லாரும் பேசிவெச்சுக் கை தூக்கினோம்.”