ஈசல் எழுதிய கட்டுரை

குளக்கரை அறிவியல் கழகத்தை நூறு வருடங்களுக்கு முன்னால் மூன்று ஆமைகள் தொடங்கின. அதன் பிறகு சேர்ந்தவையும் ஆமைகள்தான். உறுப்பினர் எழுதிய கட்டுரையை மட்டுமே கழகம் அறிவிக்கும். கழகம் அறிவித்தால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

மழை விட்ட ஒரு மதியம், ஓர் ஈசல் செயலாளர் ஆமையிடம் வந்து நின்றது.

“ஐயா, விளக்கு வேறு, நிலா வேறு. அளந்து பார்த்து எழுதியிருக்கிறேன். இது தெரியாமல்தான் எங்கள் கூட்டம் விளக்கில் விழுந்து சாகிறது. இன்றைக்கே அறிவித்துவிடுங்கள்.”

“நீ உறுப்பினர் இல்லையேம்மா.”

“அப்படியானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.”

“மூன்று ஆண்டுக் கூட்டங்களில் உன் பெயரை வாசித்த பிறகுதான் சேர்ப்போம்.”

“சாயங்காலம் விளக்கேற்றிவிடுவார்கள் ஐயா! எங்களுக்கு ஆயுசே இன்று ஒருநாள்தான். இந்த விதியை எழுதும்போது ஆமையைத் தவிர வேறு யாரையாவது நினைத்துப் பார்த்தீர்களா?”

“விதி எல்லாருக்கும் ஒன்றுதான். வாய் ரொம்ப நீளம் உனக்கு. இத்தனை அவசரக்காரிக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்று சொல்லி, ஆமை விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டது.

ஈசல் தன் கூட்டத்திடம் பறந்துபோய்க் கத்தியது. “கழகம் சொல்லிச்சா?” என்று கேட்டுக்கொண்டே அவை விளக்கை நோக்கிப் பறந்தன. தடுக்கப் போன ஈசலும் அவற்றோடு விழுந்தது.

மூன்றாம் ஆண்டுக் கூட்டத்தில் ஆமைகள் ஏகமனதாக ஈசலைச் சேர்த்துக்கொண்டு, பெயரைக் கூப்பிட்டன. யாரும் எழுந்து வரவில்லை.

“பார்த்தீர்களா? பொறுப்பே கிடையாது இந்த ஈசல்களுக்கு” என்றது செயலாளர் ஆமை.

இனிமேல் ஈசல்களிடம் விண்ணப்பமே வாங்குவதில்லை என்ற தீர்மானம் கைதட்டலோடு நிறைவேறியது.